வாஸ்ப்-43 பி: சிறு தொலைநோக்கியால் ஒரு புறக்கோளின் கடப்பை அளப்பது எப்படி

வாஸ்ப்-43 பி சுமார் 280 ஒளியாண்டு தொலைவில் வேறொரு விண்மீனைச் சுற்றும் வியாழன் அளவுக் கோள், அதாவது ஒரு புறக்கோள். அதன் பகல் பக்கம் ஏறத்தாழ 1250 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கம் 600 டிகிரி என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகள் 2024-ல் காட்டின. இதே கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடந்து ஒளியைச் சற்று மறைப்பதை, அதாவது அதன் கடப்பை, 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியாலும் அளக்க முடியும். வளிமண்டலத்தை அது காட்டாது. கடப்பின் மையநேரத்தை ஒரு நிமிடத்துக்கு நெருக்கமான துல்லியத்தில் தரும்.

அந்த நேரம் ஆய்வாளர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. இந்தக் கோளின் சுற்றுக்காலம் 0.813 நாள், அதாவது பத்தொன்பதரை மணி நேரம். அதில் 0.1 விநாடி பிழை இருந்தாலும் 5 ஆண்டுகளில், சுமார் 2250 சுற்றுகளில், அது கிட்டத்தட்ட 4 நிமிடமாகப் பெருகிவிடும். பெரிய தொலைநோக்கியின் நேரத்தை அப்படிப்பட்ட கணிப்பை நம்பி ஒதுக்க முடியாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியல் திட்டம் சுமார் ஆயிரம் கோள்களை ஆராய இருக்கிறது. அவற்றின் கடப்பு நேரங்களைப் புதுப்பித்து வைக்கத்தான் எக்ஸோகிளாக் என்ற கூட்டுமுயற்சி நடக்கிறது. சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அனுப்பும் அளவீடுகள் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

எதை, எப்போது

முதல் முயற்சிக்கு வாஸ்ப்-43 பி நல்ல தேர்வு. வான நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 10 டிகிரியில் இருப்பதால் இரு அரைக்கோளங்களிலிருந்தும் தெரியும்; பிப்ரவரி, மார்ச் மாத நள்ளிரவுகளில் உச்சத்தில் நிற்கும். விண்மீனின் ஒளிப்பருமன் 12.4 (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). கடப்பின்போது ஒளி 2.5 சதவீதம் குறையும், மொத்தம் சுமார் 70 நிமிடம் நீடிக்கும்.

எச்டி 189733 பி இதைவிட மிகப் பிரகாசமான விண்மீனைச் சுற்றுகிறது, ஆழமும் ஏறக்குறைய அதே அளவு. ஆனாலும் தொடக்கத்தில் அதை எடுக்க வேண்டாம். 7.7 பருமனுள்ள விண்மீன் கேமராவின் பிக்சல்களை எளிதில் நிறைத்துவிடும். இலக்கின் ஒளியை ஒப்பிட்டு அளக்க உதவும், அதற்கு நிகரான ஒப்பீட்டு விண்மீனும் அதே படத்துக்குள் கிடைப்பது கடினம்.

கணிக்கப்பட்ட நேரத்தை எக்ஸோகிளாக் தளத்தில் பாருங்கள். கடப்புக்கு முன்னும் பின்னும் குறைந்தது 45 நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக மூன்று மணி நேரம். அந்த நேரம் முழுவதும் விண்மீன் 30 டிகிரி உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அதன் ஒளி உச்சியில் கடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்து வரும்.

கருவியும் அமைப்பும்

தேவையானவை: வானின் நகர்வைத் தொடரும் ஈக்வடோரியல் மவுண்ட் (தொலைநோக்கியின் தாங்கி), அதன் தொடர்தலைத் திருத்தும் ஆட்டோகைடர், குளிரூட்டிய கருப்பு வெள்ளை சிமாஸ் கேமரா, சிவப்பு ஃபில்டர். ஃபில்டரைத் தவிர்த்தால் அதிக ஒளி கிடைக்கும் என்ற ஆசை வரும். வாஸ்ப்-43 செம்மஞ்சள் நிறக் குளிர் விண்மீன். சுற்றியிருக்கும் பல விண்மீன்கள் அதைவிட நீலமானவை. வானில் கீழே இறங்க இறங்க நீல ஒளி வேகமாக மங்கும்; ஃபில்டர் இல்லாவிட்டால் இரண்டுக்குமான விகிதம் தானாகவே சரிந்துகொண்டே போகும். சிவப்பு ஃபில்டர் இந்தச் சரிவைப் பெருமளவு குறைக்கிறது.

எக்ஸ்போஷர் 60 விநாடியில் தொடங்குங்கள். 200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் இந்த விண்மீனிலிருந்து ஒரு லட்சம் எலக்ட்ரான் அளவுக்குச் சேரும். ஒரு லட்சத்தின் வர்க்கமூலம் சுமார் 316. ஆகவே ஃபோட்டான் இரைச்சல் 0.3 சதவீதம். கடப்பின்போது ஒளி குறைவதால் விழும் 2.5 சதவீதக் குழியைப் பார்க்க இது தாராளம். 10 விநாடிக்கும் குறைவாக எடுத்தால் காற்றின் மினுக்கம் ஒவ்வொரு புள்ளியையும் குலைக்கும்.

விண்மீனின் உச்சப் பிக்சல், 65,535 வரை எண்ணும் 16 பிட் படத்தில், 30,000 முதல் 40,000 வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஃபோகஸைச் சற்றுத் தளர்த்துங்கள். படம் அழகாக இராது, அளவீடு மேம்படும்: ஒளி பல பிக்சல்களில் பரவும்போது எந்த ஒரு பிக்சலின் குறையும் முடிவை ஆட்டாது. அருகிலுள்ள விண்மீனோடு கலக்கும் அளவுக்கு மட்டும் தளர்த்திவிடாதீர்கள்.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதிதான்: மூன்று மணி நேரமும் எதுவும் மாறக்கூடாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், கேமராவின் வெப்பநிலை, படத்தில் விண்மீன் இருக்கும் இடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். விண்மீன் ஐந்து, பத்து பிக்சலுக்குள் நின்றுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விண்மீன் உச்சக்கோட்டைத் தாண்டும்போது மவுண்ட் தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பும் மெரிடியன் ஃப்ளிப் நடுவில் வரும் இரவுகளைத் தவிருங்கள். ஃப்ளிப்புக்குப் பின் விண்மீன் வேறு பிக்சல்களில் விழுந்து, ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வளைகோட்டில் ஒரு படிக்கட்டு உருவாகும்.

கடிகாரம்

பலர் கோட்டைவிடும் இடம் இது. படமெடுக்கும் கணினியை நெட்வொர்க் நேரச் சேவையகத்தோடு அன்றிரவே ஒத்திசையுங்கள். பிழை ஒரு விநாடிக்குள் இருக்க வேண்டும். படத்தின் தலைப்புத் தகவலில் உலகப் பொதுநேரம் பதிவாகிறதா, அது எக்ஸ்போஷரின் தொடக்கமா நடுவா என்று பாருங்கள். தொடக்கத்தை நடு என்று எடுத்துக்கொண்டால் 60 விநாடிப் படத்தில் 30 விநாடி போய்விடும்.

இறுதி முடிவு சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தைச் சார்ந்த ஜூலியன் நாளில் (வானியலாளர்கள் பயன்படுத்தும் தொடர் நாள் எண்ணிக்கையில்) இருக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதால் அதே ஒளி நம்மை ஆண்டின் ஒரு சமயம் 8 நிமிடம் வரை முன்னதாகவும் இன்னொரு சமயம் அவ்வளவு தாமதமாகவும் வந்தடையும். இதோடு, உலகப் பொதுநேரத்துக்கும் வானியல் கணிப்புகளுக்கான சீரான இயக்கவியல் நேரத்துக்கும் இடையே 2017 முதல் 69.184 விநாடி வித்தியாசம் உள்ளது. மென்பொருள் இந்த இரண்டையும் திருத்தும். நோக்கிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் விண்மீனின் ஆயங்களையும் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

படங்களைத் திருத்துதல்

பயாஸ் (மூடிய கேமராவில் மிகக் குறுகிய எக்ஸ்போஷர்), டார்க் (மூடிய கேமராவில் முழு எக்ஸ்போஷர்), ஃப்ளாட் (சீரான ஒளியுள்ள பரப்பின் படம்) ஒவ்வொன்றிலும் 30 படம் எடுங்கள். டார்க்கின் எக்ஸ்போஷரும் வெப்பநிலையும் விண்மீன் படங்களோடு ஒத்திருக்க வேண்டும். ஃப்ளாட் படங்களின் ஒளியளவு கேமராக் கொள்ளளவில் பாதியளவு இருக்கட்டும். அவற்றை எடுத்து முடிக்கும்வரை கேமராவைச் சுழற்றக் கூடாது, ஃபில்டரைக் கழற்றவும் கூடாது. தூசியின் நிழல் இடம் மாறினால் ஃப்ளாட் திருத்துவதற்குப் பதிலாகக் கெடுக்கும்.

அளவீடு

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே, ஹாப்ஸ் என்ற அளவீட்டு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஹாப்ஸ் எக்ஸோகிளாக் குழுவினர் உருவாக்கியது, தொடக்கக்காரருக்கு எளிது. விண்மீனைச் சுற்றி வரையும் அளவு வட்டத்தின் ஆரம், விண்மீன் உருவத்தின் அரையுச்ச அகலத்தைப்போல் (பிரகாசம் உச்சத்தில் பாதியாகும் இடத்தில் அதன் அகலம்) ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதற்கு வெளியே உள்ள வளையத்தில் வான்பின்னணி அளக்கப்படும். அங்கே வேறு விண்மீன் விழக்கூடாது.

ஒப்பீட்டு விண்மீன்கள் நான்கைந்து வேண்டும். பிரகாசமும் நிறமும் இலக்குக்கு நெருங்கியிருக்கட்டும். ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாக ஏறி இறங்குவதைக் கழித்துவிடுங்கள், அது மாறுவிண்மீனாக இருக்கலாம்.

கிடைக்கும் குழியின் அடிப்பகுதி தட்டையாக இராது. விண்மீனின் ஓரம் நடுவைவிட மங்கலானது. கோள் நடுவை நோக்கி நகரும்போது அதிக ஒளியை மறைக்கும். ஆழத்தின் வர்க்கமூலம் கோளுக்கும் விண்மீனுக்குமான ஆர விகிதம்: 0.025-க்கு 0.158. விண்மீனின் ஆரம் சூரியனைப்போல் 0.67 மடங்கு என்பதால் கோளின் ஆரம் சூரியனுடையதில் 0.106 பங்கு, வியாழனின் ஆரத்தைவிடச் சற்றே கூடுதல்.

வளைகோடு ஒரே சீராகச் சரிந்தால் உயரம் மாறியதன் விளைவு. ஒளி கடந்து வரும் காற்றின் அளவான காற்றளவைக் கொண்டு திருத்தலாம். ஒரே இடைவெளியில் அலை அலையாக ஏறி இறங்கினால் மவுண்டின் பற்சக்கரப் பிழையையும் ஃப்ளாட்டையும் சந்தேகியுங்கள். ஆழம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் பக்கத்து விண்மீனின் ஒளி வட்டத்துக்குள் வந்திருக்கும், அல்லது இலக்கின் பிக்சல்கள் நிறைந்து உச்சி வெட்டுப்பட்டிருக்கும். வடிவம் சரியாக இருந்து முழுக் குழியும் சில நிமிடம் தள்ளி நின்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

திருத்தங்களை மேலும் மேலும் அடுக்கும் ஆசை ஆபத்தானது. காற்றளவு, விண்மீனின் இடம், உருவ அகலம், வான்பின்னணி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் கணிதம் குழியையே விழுங்கிவிடும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். முன்பின் பகுதி பதிவாகாத அரைக் கடப்பில் இவற்றை நம்பவே வேண்டாம்.

உங்கள் மையநேரம் கணிப்பிலிருந்து விலகினாலும் கணிப்புக்கு ஏற்ப அதை வளைக்காதீர்கள். வாஸ்ப்-12 பி கோளின் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 29 மில்லிவிநாடி குறைகிறது. அது தன் விண்மீனை நோக்கிச் சுருண்டு போய்க்கொண்டிருக்கிறது. இவ்வளவு சின்ன மாற்றம்கூட 10 ஆண்டில் கடப்பை ஏறத்தாழ 8 நிமிடம் முன்னே தள்ளிவிடும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த மையநேரங்களே அதை வெளிக்கொண்டுவந்தன. ஆகவே மையநேரத்தை அதன் பிழை எல்லையோடு எக்ஸோகிளாக்குக்கு அனுப்புங்கள். திருத்தாத மூலப்படங்களையும் மறு ஆய்வுக்காகப் பத்திரமாக வைத்திருங்கள்.