கொழும்பில் ஓர் ஆட்டுக் கொட்டிலில் தீவனத்தின் சமிபாட்டை அளப்பது எப்படி?

விலங்கு உண்ட உலர்பொருளில் (நீர் நீங்கியபின் எஞ்சும் பகுதியில்) சாணமாகவோ பிழுக்கையாகவோ வெளியேறாமல் உடலில் தங்கிய பங்கையே சமிபாட்டுத்தன்மை என்கிறோம். பிழுக்கையில் சமிபாடடையாத உணவோடு உதிர்ந்த குடற்கலங்களும் நுண்ணுயிர்களும் கலந்திருப்பதால், இவ்வாறு கிடைக்கும் பெறுமானம், குறிப்பாகப் புரதத்தைப் பொறுத்தவரை, உண்மையான சமிபாட்டைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அதைத் தோற்றச் சமிபாடு என்று குறிப்பிடுவதே முறை.

கொழும்பிலும் அதன் அயலிலும் ஆடு வளர்ப்போர் பலாவிலையையும், வாய்க்கால் ஓரங்களிலும் வெற்றுக் காணிகளிலும் அறுத்த கினிப்புல்லையும், சிறிது தேங்காய்ப் புண்ணாக்கையும் கொடுப்பதுண்டு. இத்தீவனங்களைச் சோதிக்க வயதும் எடையும் ஒத்த நான்கு கிடாய்களையாவது தனித்தனிக் கூடுகளில் கட்டுங்கள். கிடாய்களில் சிறுநீர் பிழுக்கையோடு கலப்பது குறைவு என்பதால்தான் மறிகளை விட்டு அவற்றைத் தெரிகிறோம். முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் விட்டபின், அடுத்த ஐந்து முதல் ஏழு நாட்களுக்குப் பிழுக்கை முழுவதையும் பையிலோ தட்டிலோ சேகரிக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் அதே நேரத்தில் நிறுத்து, நன்கு கலந்து, பத்தில் ஒரு பங்கை ஆழ்குளிரூட்டியில் வையுங்கள்.

பலரும் சறுக்குவது மிச்சத் தீவனத்தில்தான். பலாக் கொப்பைத் தொங்கவிட்டால் ஆடு இலைத்தகட்டை உருவித் தின்றுவிட்டுக் காம்பையும் தடித்த தண்டையும் விட்டுவைக்கும். ஆகவே கொடுத்ததும் மிஞ்சியதும் ஒரே பொருள் அல்ல. நாளொன்றுக்கு 3.2 கிலோ பச்சைத் தீவனம் கொடுத்ததாகவும், அதில் உலர்பொருள் 28 வீதம் என்றும் கொள்வோம்: 896 கிராம். மிச்சம் 400 கிராம். அதைத் தனியாக உலர்த்தினால் 34 வீதம், அதாவது 136 கிராம். உண்டது 760 கிராம். பிழுக்கை 600 கிராமில் உலர்பொருள் 48 வீதம் என்றால் 288 கிராம். எனவே 760 இலிருந்து 288 ஐக் கழித்து, 760 ஆல் வகுத்து, நூறால் பெருக்க 62.1 வீதம் வரும். மிச்சத்தை உலர்த்தாமல், கொடுத்த தீவனத்தின் 28 வீதத்தையே அதற்கும் பொருத்தினால் விடை 63.3 ஆகிவிடும். இரண்டு தீவனங்களுக்கிடையே உள்ள வேறுபாடே சில வேளை இவ்வளவுதான்.

உலர்பொருளை மட்டும் அறிவதற்குக் கனலடுப்பில் 105 பாகை செல்சியஸ் பொருந்தும். நாரையும் புரதத்தையும் பகுப்பாய்வு செய்யவிருக்கும் மாதிரியை 60 பாகையில் இரண்டு நாட்கள் உலர்த்துங்கள். கூடிய வெப்பத்தில் புரதம் நாரோடு பிணைந்து, நாரின் அளவை ஏற்றிக் காட்டும். பிழுக்கையை உலர்த்தும்போது நைதரசனில் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடுவதால், நைதரசனை ஈரமான மாதிரியிலேயே அளப்பது நல்லது. கடல்காற்று வீசும் இந்நகரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு தென்மேற்குப் பருவமழை நாளில் நான் உலர்த்திய இலைத்தூளை மேசையில் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் தராசில் எடை கூடியிருந்தது. அந்தத் தொகுதி முழுவதையும் மீண்டும் உலர்த்த வேண்டியதாயிற்று. கனலடுப்பிலிருந்து எடுத்ததை உடனே சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கண்ணாடிச் சாடியில் ஆறவிட்டு நிறுங்கள்.

புண்ணாக்கை மட்டும் தனியாகக் கொடுத்து ஆட்டை வைத்திருக்க முடியாது. அதனால் முதலில் புல்லை மட்டும் கொடுத்து அளந்து, பின் கலவையை அளந்து, வித்தியாசத்தால் கணிக்கிறோம். புல் 62 வீதம், உலர்பொருளில் கால்பங்கு புண்ணாக்குள்ள கலவை 65 வீதம் எனில், 65 இலிருந்து புல்லின் பங்கான 46.5 ஐ (62 இன் முக்கால்) கழித்து 0.25 ஆல் வகுக்க, புண்ணாக்கின் பெறுமானம் 74 ஆகும். ஆனால் கலவையில் ஒரு வீதப் பிழை விடையில் நான்காகப் பெருகும். ஆகவே புண்ணாக்கின் பங்கைச் சிறிதாக வைக்காதீர்கள்.

விலங்கில்லாமல் ஆய்வுகூடத்தில் அளப்பதற்கு, டில்லி, டெரி என்ற ஆய்வாளர்கள் 1963 இல் வெளியிட்ட இரு கட்ட முறை இன்றும் பயன்படுகிறது: காபனீரொட்சைட்டால் வளி அகற்றிய குடுவையில் தீவனத்தூளை முதல் வயிற்றுத் திரவத்தோடும் செயற்கை உமிழ்நீரோடும் 38 பாகையில் 48 மணித்தியாலம் வைத்து, பின் அமிலங்கலந்த பெப்சினில் (புரதத்தைச் சமிக்கும் நொதியில்) இன்னொரு 48 மணித்தியாலம் வைப்பார்கள். மின்வெட்டு வந்தால் குடுவைகள் குளிர்ந்து முழு ஓட்டமும் வீணாகும். தீவனமில்லாத வெற்றுக் குடுவையும், சமிபாடு ஏற்கனவே தெரிந்த ஒரு புல்லும் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்கட்டும்.

பிழுக்கையை முழுவதும் சேகரிக்க இயலாத இடத்தில், சமிபாடடையாமல் அப்படியே வெளியேறும், அமிலத்தில் கரையாத சாம்பலை அடையாளப் பொருளாகக் கொள்ளலாம். அது தீவனத்தில் 1.5 வீதமும் பிழுக்கையில் 4 வீதமும் இருந்தால், 1.5 ஐ 4 ஆல் வகுத்து 1 இலிருந்து கழித்து நூறால் பெருக்க, சமிபாடு 62.5 வீதம். தரையிலிருந்து எடுத்த பிழுக்கையில் மணல் ஒட்டி அது 4.5 ஆனாலோ விடை 66.7 ஆக ஏறிவிடும். தெருவோரப் புல்லில் படிந்த தூசியைப் பொறுத்தமட்டில், ஆடு எதைத் தின்கிறதோ அதிலிருந்தே மாதிரியை எடுங்கள். மாதிரியை மட்டும் கழுவி, ஆட்டுக்குக் கழுவாத புல்லைப் போடாதீர்கள்.