நெஞ்செரிச்சலா? இரவுச் சாப்பாட்டு நேரத்தை முதலில் மாற்றுங்கள்

நெஞ்சு எரிகிறது என்று சொன்னால் நம்ம பக்கம் உடனே புளியை நிறுத்து, காரத்தை நிறுத்து என்பார்கள். வத்தக்குழம்பை விட்டுவிட்டு வெறும் தயிர்சாதத்தை ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, பத்தேகாலுக்குப் படுத்தால் எரிச்சல் எப்படிப் போகும்?

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. நிறைந்த வயிற்றோடு படுத்தாலோ குனிந்தாலோ அதைத் தாண்டி அமிலம் மேலே ஏறும், தொண்டை வரை புளிப்புத் தண்ணீர் வரும். அதனால் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். கும்பகோணத்தில் கடை அடைத்துவிட்டு ஒன்பதரைக்கு ஊருக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். அவர்கள் ஏழு மணிக்கே நாலு இட்லி சாப்பிட்டுவிடலாம், வீட்டுக்கு வந்து பசித்தால் ஏதாவது கொஞ்சமாக. பரோட்டா சால்னா மட்டும் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம், எண்ணெய் அதிகமானால் வயிறு காலியாக ரொம்ப நேரமாகும்.

நடவு, களை வேலைக்குப் போகிற பெண்கள் மதியம் சாப்பிட்ட கையோடு மறுபடி குனிகிறார்கள். பாதிச் சாப்பாட்டை மதியமும் மீதியை வேலை முடிந்ததும் சாப்பிட்டுப் பாருங்கள். பாவாடை நாடாவையும் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள், இறுக்கம் வயிற்றை அழுத்தும்.

ராத்திரி எரிச்சலுக்குக் கட்டிலின் தலைமாட்டை 6 அங்குலம் உயர்த்துவது நல்ல பலன் தரும். தலைமாட்டுக் கால் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு செங்கலைப் படுக்கையாக, ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். ஆனால் செங்கல் நகரும். ஆசாரியிடம் சொல்லி, கால் உட்காருகிற மாதிரி நடுவில் குழி வைத்த மரக்கட்டை வாங்கிக்கொள்வது நல்லது. தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். பாயில் படுப்பவர்கள் இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள், அதுவே நிறைய உதவும்.

காபியை எல்லோரும் விட வேண்டியதில்லை. விடியற்காலை வெறும் வயிற்றில் குடிக்கும் டிகிரி காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியாவிட்டால் தாராளமாகக் குடியுங்கள். புளி, காரம், தக்காளிக்கும் இதே சோதனைதான். பால் குடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அப்புறம் அமிலம் மறுபடி சுரக்கும். வெற்றிலையோடு போடுகிற புகையிலை, சிகரெட், மது மூன்றையும் விட்டேயாக வேண்டும். தொப்பை இருந்தால் எடை குறைவதே பெரிய வைத்தியம்.

மருந்துக்கு வருவோம். எப்போதாவது எரிந்தால் அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் சிரப் போதும். அடிக்கடி வந்தால் மருத்துவர் ஒமெப்ரசோல், பான்டப்ரசோல் போன்ற மாத்திரையைப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரத்துக்கு எழுதுவார். அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்கிறவர்கள் நிறைய. மாதக்கணக்கில் போட்டுவந்ததைத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் கூடலாம், மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்குப் போடும் மாத்திரையே வயிற்றைப் புண்ணாக்கும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிரஷர் இருப்பவர்களுக்குப் பொங்கி வரும் சோடா உப்புப் பொடிகள் ஆகாது, அவற்றில் சோடியம் அதிகம்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் இளைப்பது இருந்தால், வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்த வாந்தியோ தார் மாதிரி கறுப்பு மலமோ வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, கேஸ்தான் என்று சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.