மலங்கா அக்ரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரீபியன் நாடான ஹைட்டியின் தெருவோரப் பொரியல் கடைகளில் கிடைக்கும் அக்ரா, சேப்பங்கிழங்கைப் போன்ற மலங்கா கிழங்கைத் துருவிப் பொரித்த பலகாரம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. இரண்டும் கிழங்கின் சொந்த மாவுச்சத்திலிருந்தே வருகின்றன.

அதனால் முதல் தவறு, மைதா சேர்ப்பது. மார்டினிக், குவாதலூப் தீவுகளின் அக்ரா உப்பிட்ட காட் மீனை மாவில் கலந்து செய்வது. அந்தக் குறிப்பை மலங்காவுக்கும் பின்பற்றினால் பலகாரம் கனத்துப்போகும், கிழங்கின் சுவையும் மங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு துருவலில்தான் நடக்கிறது. தேங்காய்ப்பூப் போல உதிரியாக விழுந்தால் அது சேர்ந்து நிற்காது, எண்ணெயில் பிரிந்துவிடும். துருவியின் மிகச் சிறிய கண்ணில் தேய்க்க வேண்டும். கரண்டியால் தூக்கினால் நூலாக இழுபடும் விழுதுதான் சரியான பதம். மிக்ஸியில் போடுபவர்கள் தண்ணீர் ஊற்றி அரைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மாவு இளகி எண்ணெய் குடிக்கும். கிழங்கைத் தோல் சீவியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் துருவுங்கள். துருவியபின் கழுவவே கூடாது. ஒட்டவைக்கும் மாவுச்சத்து அதோடு போய்விடும்.

தோல் நீக்கிய மலங்கா அரை கிலோவுக்கு வெங்காயத்தாள் இரண்டு, பூண்டு மூன்று பல், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, கொஞ்சம் தைம், பாதி ஸ்காட்ச் பானெட் மிளகாய் ஆகியவற்றை இடித்துச் சேர்க்கலாம். ஹைட்டியில் இந்தப் பச்சை மசாலாவுக்கு எபிஸ் என்று பெயர். உப்பு முக்கால் தேக்கரண்டி, அதையும் பொரிப்பதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் விழுது நீர் விடும். சூப் க்யூப் சேர்த்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

உப்பு பார்க்கப் பச்சை விழுதை நாக்கில் வைக்காதீர்கள். மலங்காவும் சேப்பங்கிழங்கின் குடும்பம்தான்; அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். முதலில் ஒன்றைப் பொரித்துச் சுவை பாருங்கள். துருவும்போது கையுறை போடுவது நல்லது.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். சூடு குறைந்தால் எண்ணெய் ஊறும். கூடினால் மேலே கருகி நடுவில் பச்சையாக நிற்கும், தின்றால் தொண்டை அரிக்கும். உருண்டையாகப் போடுவதாலும் இதே கதிதான். ஒரு தேக்கரண்டி விழுதை எடுத்து, விரல் பருமனில் நீளவாக்கில் வழித்து விடுங்கள். ஒரு ஈடுக்கு ஐந்தாறு போதும், நான்கைந்து நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும். எடுத்ததும் மூடி வைத்தால் ஆவியில் நமத்துப்போகும்; கம்பி வலையில் பரப்புங்கள்.

தொட்டுக்கொள்ளும் பிக்லிஸ் என்ற ஊறுகாயை அன்றே கலக்குவதும் தவறுதான். முட்டைக்கோஸ், கேரட், மிளகாய் மூன்றும் வினிகரில் குறைந்தது ஒரு நாளாவது ஊற வேண்டும். இல்லாவிட்டால் காரம் கோஸில் இறங்காமல் வினிகரின் புளிப்பு மட்டும் தனியாக நிற்கும்.