பிக்கப்புக்கு இரும்பு பம்பர் செய்யும்போது சொதப்பும் இடங்கள்

ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப்புக்கு முன் பம்பர் செய்கிறவர்களில் பாதிப் பேர் வேலையைத் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் முகத்தட்டு, அதாவது முன்னால் தெரியும் பிளேட். படம் வரைந்து, பிளேட் வெட்டி, லைட்டுக்கு ஓட்டை போட்டு, எல்லாம் அழகாக வந்த பிறகுதான் இதை வண்டியில் எதில் மாட்டுவது என்ற கேள்வியே வரும். அப்புறம் கையில் கிடைத்த ஆங்கிளை வைத்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பற்றவைத்துவிடுவார்கள்.

பழைய பம்பரைக் கழற்றியதும் முதலில் செய்ய வேண்டியது மவுண்ட், அதாவது பம்பரைச் சேஸிஸோடு பிடிக்கும் தாங்கி. சேஸிஸ் முனையில் கம்பெனி போட்ட ஓட்டைகளையே பிடித்து, 8 அல்லது 10 மில்லி தட்டில் இரண்டு பக்கமும் மவுண்ட் வெட்டி, 8.8 கிரேடுக்கு (போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண்) குறையாத போல்ட்டில் மாட்டுங்கள். வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) உண்டென்றால் அதன் தட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கிற வின்ச் என்பது பொதுக் கணக்கு. 3 டன் வண்டிக்கு நாலரை டன். அந்த இழுவை முழுக்க இந்த மவுண்டில்தான் விழும், முகத்தட்டு வெறும் சட்டை.

கொக்கி விஷயத்திலும் இதே தப்பு நடக்கிறது. ஷாக்கிள் (இழுகயிறு கோர்க்கும் இரும்பு வளையம்) மாட்டும், ஓட்டை போட்ட தட்டான காதை முகத்தட்டின் மேல் ஒட்டவைத்தாற்போல வெல்டு செய்துவிடுகிறார்கள். முக்கால் இஞ்ச் ஷாக்கிளின் பாதுகாப்பான சுமை 4.75 டன், அதைத் தாங்க வேண்டிய காது 5 மில்லி தட்டின் தோலில் தொங்கினால் என்ன ஆகும்? சேற்றில் சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும் இரும்பு ஆளைக் கொன்றுவிடும். 25 மில்லி கனத் தட்டில் காதை வெட்டி, முகத்தட்டில் காடி போட்டு உள்ளே நுழைத்து, பின்னால் மவுண்டோடு சேர்த்து இரண்டு பக்கமும் வெல்டு அடியுங்கள்.

சேஸிஸில் நேராகப் பற்றவைக்காமல் போல்ட்டில் மாட்டச் சொல்வதற்கு ஒரு காரணம் சட்டம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், புல் பார், கிராஷ் கார்டு என்று வண்டிக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு வகையறா மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவருக்கும் ஆபத்து, மோதும்போது நசுங்க வேண்டிய பகுதி நசுங்காமல் போவதால் உள்ளே இருக்கிறவருக்கும் ஆபத்து. ஆகவே ஆஃப்ரோடு மைதானத்துக்கு மட்டும் மாட்டி, ரோட்டுக்கு வரும்போது கம்பெனி பம்பரைத் திரும்பப் போடுகிற மாதிரிச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

இடைவெளி. பிக்கப்பில் பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பம்பரோ சேஸிஸில். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் இரண்டும் வேறு வேறு பக்கம் அசையும். மட்கார்டை ஒட்டினாற்போல வைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், முதல் பள்ளத்திலேயே பெயின்ட் போகும், சில நேரம் ஹெட்லைட்டும் போகும். 15 மில்லியாவது விடுங்கள்.

வெல்டிங்கில், வண்டியிலேயே வைத்து டேக் (பிடிப்புக்குப் போடும் சின்னப் புள்ளி வெல்டு) அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை டேக் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கழற்றிய பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக அடித்தால் இரும்பு சுருங்கி இழுக்கும், திரும்ப மாட்டப்போனால் போல்ட் ஓட்டையில் உட்காராது. மவுண்டுகளுக்கு நடுவே தற்காலிகமாக ஒரு பைப்பைப் போட்டுவிட்டு, மூன்று நான்கு சென்டிமீட்டராக இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் அடியுங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப் வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டு அடிப்பது அதைவிட மோசம், அதில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

வெல்டைத் தேய்ப்பதில்தான் நல்ல கைக்காரர்களே கோட்டை விடுகிறார்கள். மூலையில் இரண்டு தட்டும் முழு விளிம்போடு முட்டி நிற்க, மேலே ஒரு வெல்டை ஓட்டி, கிரைண்டரில் மாட்டும் ஃபிளாப் டிஸ்க்கால் வழவழவென்று தேய்த்தால் ஒரே தகட்டை மடக்கினது போல இருக்கும். ஆனால் வெல்டில் பாதிக்கு மேல் தூளாகத் தரையில் கிடக்கும், மூலையைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய தோல். பிறகு பெயின்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரியும். தட்டுகளின் உள்விளிம்பு மட்டும் தொடுகிற மாதிரி நிறுத்தினால் வெளியே தானாக ஒரு பள்ளம் கிடைக்கும், முதலில் உள்பக்கம் அடித்து, அப்புறம் அந்தப் பள்ளத்தை நிரப்பித் தேய்த்தால் எவ்வளவு தேய்த்தாலும் பலம் உள்ளே இருக்கும்.

ஃபினிஷிங்கில் புதுத் தட்டின் மேல் இருக்கும் கருநீலப் படலத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. பார்க்கச் சுத்தமாக இருப்பதால் அதன் மேலேயே பிரைமர் அடிப்பார்கள், பிறகு அந்தப் படலம் உரியும்போது பெயின்டையும் கூட்டிக்கொண்டு போகும். சாண்ட் பிளாஸ்ட் செய்யுங்கள், செய்தால் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி ஈரக்காற்று பட்டாலே செம்மண் நிறம் வந்துவிடும். பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளை அடுப்பில் உருக்கி ஒட்டவைப்பது) என்றால் மேடுபள்ளம் மறைக்கும் பட்டி பூசவே கூடாது, கிட்டத்தட்ட 200 டிகிரி அடுப்பில் சாதாரணப் பட்டி நிற்காது. மூடிய பெட்டிகளுக்குக் கீழே ஓட்டை விடுங்கள், சூளையில் காற்று வெளியேறவும் பிறகு மழைத் தண்ணீர் வடியவும் அது வேண்டும். பளபளக் கறுப்பு கேட்காதீர்கள், கிரைண்டர் போட்ட ஒவ்வொரு அலையும் தெரியும், சொரசொரப்பான மேட் கறுப்பு எல்லாவற்றையும் மன்னிக்கும்.

எடையைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். 5 மில்லி எம்எஸ் (சாதாரண இரும்பு) பிளேட் சதுர மீட்டருக்கு 39 கிலோ. வின்ச்சும் சேர்ந்தால் 100 கிலோவைத் தொடுவது சாதாரணம். முகத்துக்கு 5, ஓரச் சிறகுகளுக்கு 3 மில்லி போதும். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு ஹெட்லைட் மட்டத்தையும் திரும்ப வையுங்கள். வின்ச் ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைக்கிறதா என்று மேட்டில் ஏற்றும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். முதல் காட்டுப்பாதை ஓட்டம் முடிந்ததும் மவுண்ட் போல்ட் அத்தனையையும் மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள், புதுப் பெயின்ட் நசுங்கி அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.