நண்டுதின்னியப் பாக்கக் கெளம்புறீங்களா? மொதல்ல வீட்டு முற்றத்துல ஆரம்பிங்க

தனுஷ்கோடில நண்டுதின்னிங்கிற அபூர்வக் கடக்கரைப் பறவை வந்திருக்குன்னு ஒரு போட்டோ பறவை பாக்குறவங்க குரூப்ல வந்தாப் போதும், காரைக்குடிலேருந்து ராவோட ராவா வண்டி கெளம்பிருது. அங்க போய் நின்னா தூரத்துல கறுப்பும் வெள்ளையுமா ஒரு கூட்டம் நிக்கும், எது எதுன்னு புரியாது, வெயில் ஏறுனதும் மீன் வறுவல் சாப்ட்டு வந்துர வேண்டியதுதான். கண்ணு பழகலன்னா அபூர்வப் பறவை எதுக்கவே நின்னாலும் தெரியாதுங்க. பழக்குறதுக்கு நம்ம வீட்டுக் கொல்லையே போதும்.

பைனாகுலர் 8 இன்டு 42 போதும், அதாவது 8 மடங்கு பெருசாக் காட்டும், முன்னாடி லென்ஸ் 42 மில்லிமீட்டர். கடைக்காரர் 20 மடங்குன்னு ஆசை காட்டுவாரு, கை நடுக்கமும் 20 மடங்கு தெரியும், வேணாம். பறவைய வெறுங்கண்ணால பாத்துக்கிட்டே, பார்வைய எடுக்காம பைனாகுலர கண்ணுக்குக் கொண்டு வாங்க. இது மட்டும் கைவந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது சைஸ். சிட்டுக்குருவி, மைனா, காக்கா, இந்த மூணையும் மனசுல ஸ்கேல் மாதிரி வச்சுக்குங்க, புதுசா எதப் பாத்தாலும் மைனாவ விடப் பெருசா சின்னதான்னுதான் மொதல்ல கேக்கணும், கலர் எல்லாம் அப்புறம், ஏன்னா வெளிச்சம் மாறுனா கலர் ஏமாத்தும்.

கொல்லைல தவிட்டுக்குருவிங்க கூட்டமா வரும்ல, அதுகள ஒரு பத்து நிமிஷம் விடாம பாருங்க. சருகைப் பொரட்டிப் பொரட்டிப் பூச்சி தேடும், ஒண்ணு மட்டும் மேல கெளைல ஒக்காந்து காவல் காக்கும், வல்லூறு கிட்ட வந்தா அது ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, மொத்தக் கூட்டமும் செடிக்குள்ள பூந்துரும். முகத்துல அந்த வெளுத்த கண்ணு தனியாத் தெரியும். தேன்சிட்டு ஆணு பைக் கண்ணாடில தன் நெழலப் பாத்து எதிரின்னு நெனச்சுக் கொத்திக்கிட்டு இருக்கும். முற்றத்து ஓரமா அகலமான மண்சட்டில ரெண்டு வெரக்கடை ஆழத்துக்குத் தண்ணி வைங்க, தெனம் மாத்துங்க, பூனை பதுங்க எடமில்லாத பக்கமா வைங்க. சித்திரை வெயில்ல சின்னான், மைனா, கரிச்சான் எல்லாம் அங்கதான்.

அப்புறம் கண்மாய். ஐப்பசி அடைமழைக்கப்புறம் தண்ணி நின்னதும் நெடுங்கால் உள்ளான் வந்துரும், கறுப்பு வெள்ளை ஒடம்பு, ஊசி மாதிரி அலகு, நீட்டமான ரோஸ் கலர் காலு. இத நல்லாப் பாத்து வச்சுக்குங்க, கடக்கரைல கொழப்புறதே இது மாதிரி ஆளுங்கதான். நண்டுதின்னிக்கு அலகு கறுப்பு, தடியா கத்தி மாதிரி, தலை வெள்ளை, முதுகுல கறுப்பு, காலு நீலஞ்சாம்பல், உடம்பு கிட்டத்தட்ட காக்கா சைஸ். கோணமூக்கு உள்ளானும் கறுப்பு வெள்ளைதான், ஆனா அலகு மெல்லிசா மேல வளைஞ்சிருக்கும். அலகு செவப்பா இருந்தா சிப்பிபிடிப்பான்.

நண்டுதின்னி அரேபியக் கடலோரம், பாரசீக வளைகுடாத் தீவுங்கள்ல மணல்ல பொந்து தோண்டி பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டைதான் போடும், குளிர்காலத்துல நம்ம பக்கம் வரும். மார்கழி, தை மாசம் போங்க, கடல் வத்தி சேறும் மணலும் வெளிய தெரியிற நேரமாப் பாத்து. கெழக்குக் கடக்கரைல காலைல கடலப் பாத்து நின்னா வெயில் மூஞ்சிலதான் அடிக்கும், எல்லாமே கறுப்பாத் தெரியும், அதனால தனுஷ்கோடி ரோட்டுல சூரியன் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி எடம் புடிங்க, ரெண்டு பக்கமும் தண்ணி இருக்கதால அது கஷ்டமில்ல. கொஞ்சம் ஓடும், சட்டுனு நிக்கும், நண்டைக் குத்தும், மறுபடி ஓடும், இந்த நடையப் பாத்தாலே பாதி உறுதி.

கூட்டம் மேயிறத விட்டுட்டுத் தலையத் தூக்குனா அங்கயே நின்னுருங்க. செல்போன் போட்டோக்காக கிட்டப் போயி வெரட்டுறவங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும், அது தின்னு தேத்துன கொழுப்பு திரும்பிப் பறக்கத் தேவை.

பாத்தத அன்னைக்கே ஈபேர்ட்ல, அதாவது பாத்த பறவைங்களப் பதிவு பண்ற இணையதளத்துல, ஏத்திருங்க. அபூர்வப் பறவைன்னா விவரம் கேக்கும், அலகு, காலு, சைஸ், கூட எது நின்னுச்சுன்னு எழுதுங்க. பழகணும்னா பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கு, 2015லேருந்து வருசா வருசம் நடக்குது, பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப வீட்டு வாசல்லயே 15 நிமிஷம் நின்னு எண்ணி ஒரு லிஸ்ட் போட்டுரலாம்.