வாங்கிய பல்லியை வளவில் விடாதீர்கள்

பல்லியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று அம்மா சிரித்தார். முகட்டில் இருப்பது போதாதா என்பது அவருடைய கேள்வி. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் ஒரு தம்பி போனில் காட்டியது வேறு ஆள். சாம்பல் நீல உடம்பு, செம்மஞ்சள் புள்ளி, ஏறக்குறைய ஒரு அடி நீளம். வெளிநாட்டு டோக்கே பல்லி.

ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் 2019 முதல் சைட்டிஸ் (காட்டுயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலில் இருக்கும் உயிர் அது. அனுமதிப் பத்திரம் கேட்காமல் வாங்குவது முதல் பிழை. பெரிய பிழை அலுப்புத் தட்டிய பிறகு வரும். டோக்கே கடித்தால் இலேசில் விடாது. இரவில் தன் பெயரையே சொல்லிக் கத்தும். பொறுக்கமுடியாமல், "பாவம், எங்காவது பிழைக்கட்டும்" என்று பனை வளவில் விடத் தோன்றும். ஹவாயில் 1974இல் ஒரு மாணவர் இப்படித்தான் மடகஸ்கார்ப் பச்சைப் பல்லிகள் சிலவற்றை விட்டார். இன்று அங்கே வீட்டுச் சுவர், வாழைமரம் எல்லாம் அவைதான்.

"கரப்பான் தின்னும், நல்லதுதானே" என்பார்கள். புளோரிடாவிலும் அதை நம்பி டோக்கேயை வீட்டில் விட்டவர்கள் உண்டு. ஆனால் அது கரப்பானோடு நிற்காது. சின்னப் பல்லி, தவளை, எது வாய்க்கு அடங்குகிறதோ அது.

"ஒன்றுதானே, பெருகாது" என்பதும் தப்புக் கணக்கு. பல்லி இனங்கள் சிலவற்றில் பெண், இணைசேர்ந்த பின் விந்தை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைக்கும். பலர் கவனிக்காதது முட்டை. டோக்கே இரண்டு இரண்டாக, ஓடு தடித்த முட்டைகளைக் கட்டை போன்றவற்றின் மேல் ஒட்டி வைக்கும். பெட்டியைக் கழுவிவிட்டு உள்ளே கிடந்த கட்டையைக் கோடிப்புறம் எறிந்தால், முட்டையும் போகிறது.

அப்புறம், பயத்தில் வீட்டுப் பல்லியை அடிக்க வேண்டாம். அது நம்மூர்க்காரர். வேடிக்கை என்னவென்றால், கப்பலேறி அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை போய் அங்கே தொல்லை கொடுப்பதும் அதுதான்.

டோக்கேயை வைத்திருக்க முடியாவிட்டால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேளுங்கள். அதுவரை பெட்டி மூடியில் விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது. கண்ணாடியில் ஏறுவது அதற்கு நாங்கள் படியேறுவது போல.