தானே கழன்று விழும் சக் சாவி செய்யும் முறை

கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் மறந்து விடப்பட்ட, அதை இறுக்கித் தளர்த்தும் சாவி, இயந்திரம் ஓடத் தொடங்கிய கணத்தில் பாய்ந்து வரும். நான் தொழில் பழகிய சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறையில் அப்படிப் பாய்ந்த சாவி தகரக் கதவில் பதித்த பள்ளம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே, தேய்ந்த சாவிக்கு மாற்று செய்வதென்றால், கையை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ளி வெளியேற்றும் சாவியாகவே செய்ய வேண்டும்.

சக்கில் சாவி நுழையும் சதுரக் குழியை வெர்னியர் அளவுகோலால் அளக்கும்போது அதன் வாயை நம்பக்கூடாது. நாட்பட்ட பயன்பாட்டில் வாய் அகன்றிருக்கும் என்பதால், இயன்றவரை உள்ளே இறக்கி இரு திசையிலும் அளக்கவும். இங்கே 10 மி.மீ. குழியை எடுத்துக்கொள்வோம்.

கடினமாக்கியே விற்கப்படும் 4140 என்ற கலப்பு எஃகு வகையில் 20 மி.மீ. உருளைத் தண்டு ஏற்றது. ஒரே கட்டடத்தில் பல பட்டறைகள் அடுக்கியிருக்கும் நம் ஊரில், அக்கம்பக்கத்தில் கேட்டால் துண்டு கிடைத்துவிடும். கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 30 இருக்கும் இந்த எஃகை அரத்தால் ராவலாம். மேற்கொண்டு கடினமாக்கத் தேவையில்லை. மென்மையான இரும்பின் மூலைகள் விரைவில் மழுங்கும். மிகக் கடினமான சாவியோ சக்கின் குழியைத் தின்றுவிடும். தேய்வதானால் சாவியே தேயட்டும், அதை மறுபடி செய்துகொள்ளலாம்.

தண்டின் ஒரு முனையை 32 மி.மீ. நீளத்துக்கு 14 மி.மீ. விட்டமாகக் கடையவும். அதன் நுனியில் 18 மி.மீ. நீளத்துக்கு, பக்கத்துக்கு 2 மி.மீ. வீதம் மில்லிங் இயந்திரத்தில் சீவினால் 10 மி.மீ. சதுரம் கிடைக்கும், மூலைகளும் இயல்பாகவே சற்று உருண்டிருக்கும். அரம் மட்டுமே இருந்தால், எதிரெதிரான இரு முகங்களை இணையாக்கிய பிறகே மற்ற இரண்டைத் தொடவும். இறுதி அளவு 9.9 மி.மீ. போதும். முகங்களில் மார்க்கர் மை பூசிக் குழியில் நுழைத்து எடுத்தால், மை அழிந்த இடமே இடிக்கும் இடம். அங்கே மட்டும் இரண்டு இழுப்பு ராவவும்.

தலைப்பகுதியில் குறுக்கே 10 மி.மீ. துளையிட்டு, 160 மி.மீ. கைப்பிடியைச் செருகி 3 மி.மீ. பின் அடித்து இறுக்கவும். பிடியை இதைவிட நீளமாக்கினால், அளவுக்கு மீறி முறுக்கிச் சக்கைக் கெடுக்கவே வழியாகும்.

சதுர நுனிக்குப் பின்னுள்ள 14 மி.மீ. விட்டப் பகுதியில் மாட்டும் ஸ்பிரிங்கின் உள்விட்டம் 14.5 மி.மீ., கம்பியின் தடிமன் 1.5 மி.மீ. இருக்கலாம். தளர்ந்த நிலையில் அது சதுர நுனியைத் தாண்டி நீள வேண்டும். முழுதும் அழுந்தினால் அதன் நீளம் 14 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. கடைசிச் சுற்றை இடுக்கியால் சற்று நெருக்கி, சுருள் விரியும் திசையில் திருகிக்கொண்டே ஏற்றினால், அது தண்டைப் பற்றிக்கொள்ளும்.

பிசிறு நீக்கி எண்ணெய் தடவவும். நம் ஊர் ஈரப்பதத்தில் துரு விரைவில் பிடிக்கும். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குழி மேல்நோக்கி இருக்குமாறு சக்கைத் திருப்பிச் சாவியை அழுத்திக் கையை எடுக்கவும். ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள சாவியை ஸ்பிரிங் உந்தி, சதுர நுனி முழுதும் குழியை விட்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் இன்னும் வலுவான ஸ்பிரிங்கை மாற்றும்வரை அந்தச் சாவியைப் பயன்படுத்தக்கூடாது.